மீதி நாலு மணி ஐம்பது நிமிடம்

கேள்வி: மாதம் ஒருமுறை நண்பர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் நடக்கப் போவேன். அலுவலகத்தில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழும் இருக்கிறது. போன மாதம் ஒரு நண்பர் ஈரப்பாறையில் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். நெற்றியிலும் வெட்டு. கைக்குட்டையை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் போனில் சிக்னல் இல்லை. அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவர ஐந்து மணி நேரம் ஆனது. என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அடுத்து என்ன செய்வதென்று ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் சொன்னதெல்லாம் "ஆம்புலன்ஸை அழையுங்கள்" என்பதோடு முடிந்துவிட்டது. என் அப்பா அம்மாவும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்கள், மருத்துவமனை அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். நான் இன்னும் பெரிய பயிற்சி எடுக்க வேண்டுமா? எந்த மாதிரிப் பயிற்சி? கையோடு என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பரின் கால் இப்போது தேறியிருக்கும் என்று நம்புகிறேன். ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ரத்தத்தை நிறுத்தியிருக்கிறீர்கள், அவரைத் தனியே விடவில்லை, கீழேயும் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். ஆக, முதல் பத்து நிமிடம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. மீதி நாலு மணி ஐம்பது நிமிடம்தான் தெரியவில்லை.

அதற்காக அந்த ஒருநாள் வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். அது அலுவலகத்துக்காகப் போட்ட வகுப்பு. ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, வந்ததும் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஒப்படைக்க ஆள் இல்லாத இடத்துக்கென்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறது. வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட் என்று பெயர். இங்கே காட்டுவெளி முதலுதவி என்று வைத்துக்கொள்கிறேன். பெயரில்தான் காடு. முறையான சிகிச்சைக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் எந்த இடத்தையும் இதற்குள் சேர்ப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் பெற்றோர் இருக்கும் வீடும் காடுதான்.

நேரம் நீளும்போது என்ன மாறுகிறது என்பதை உங்கள் நண்பரை வைத்தே பார்ப்போம். நெற்றியிலும் தலையிலும் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்ன வெட்டுகூட ஆளை மிரட்டிவிடும். துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. (எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.) ஊருக்குள் என்றால் இதற்குள் வண்டி வந்திருக்கும். மலையில் இனிமேல்தான் வேலை ஆரம்பிக்கிறது. நெற்றி கிழிந்திருக்கிறது என்றால் தலை அடிபட்டிருக்கிறது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, கேட்டதையே மறுபடி கேட்பது, பேச்சுக் குழறல், எழுப்ப எழுப்பச் சொக்கி விழுவது எல்லாம் விழுந்த உடனே தெரியாமல் ஒரு மணி, இரண்டு மணி கழித்தும் வரலாம். அதனால் கால் மணிக்கு ஒருமுறை அவரோடு பேச வேண்டும், நாடியையும் மூச்சையும் எண்ண வேண்டும், மணியைப் போட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவை எண்ணிய நாடியால் பெரிய பயன் இல்லை. முதலில் 84, அப்புறம் 96, அப்புறம் 116 என்று தாளில் ஏறிக்கொண்டே போனால், வெளியே தெரியாமல் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கீழே காத்திருக்கும் மருத்துவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியவற்றில் மிக உபயோகமானது அந்தத் தாள்தான்.

அடுத்து கணுக்கால். உடைந்ததா சுளுக்கா என்று அங்கேயே கண்டுபிடித்தாக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. நாலு அடி வைக்க முடிகிறதா, முடியவில்லையா என்பது போதும். முடியவில்லை என்றால் உடைந்ததாகவே வைத்துக்கொண்டு, அசையாமல் தாங்கும் சிம்பு (ஸ்ப்ளிண்ட்) வைத்துக் கட்டிவிடுங்கள். படுக்கும் பாய், மடித்த ஜாக்கெட் எதுவும் சிம்பாகும். ஆனால் கட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல்நுனியைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, விரலை அசைக்க முடிகிறதா? நல்லபடியாகக் கட்டிய கட்டு ஒரு மணி நேரத்தில் கெட்ட கட்டாக மாறும், ஏனென்றால் கால் உள்ளே வீங்கிக்கொண்டே இருக்கும். விரல் குளிர்ந்து மரத்துப்போனால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். சீக்கிரம் ஆம்புலன்ஸ் வந்துவிடும் இடத்தில் இந்தப் பேச்சே வராது. அதனால்தான் உங்கள் வகுப்பில் சொல்லவில்லை.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்த பிறகுதான் முதன்முதலாகக் காட்டுவெளிப் பயிற்சிக்குப் போனேன். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு வேறு. முதல் ஒத்திகையில், அடிபட்டவராக நடித்த பெண்ணின் காலுக்கு அத்தனை அழகாகக் கட்டுப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். அது நடிப்பில்லை. இருபது நிமிடமாக ஈரத்தரையில் படுத்திருந்தவருக்கு அடியில் எதையும் விரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனையில் கட்டில் தானாகவே இருக்கும், மின்விசிறியை யாராவது நிறுத்துவார்கள், போர்வையை யாராவது கொண்டுவருவார்கள். வெளியில் அந்த யாராவது நீங்கள்தான். அடிபட்டு அசையாமல் கிடப்பவரின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே போர்த்துவதைவிட முதலில் அடியில் விரிப்பதுதான் முக்கியம். உடல் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்குத் தொடங்கிவிடுகிறது. ரத்தம் இழந்தவர் குளிர்ந்துபோனால் ரத்தம் உறைவதும் மந்தமாகும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டார் என்றால் நிம்மதியடையாதீர்கள், அது நிலைமை மோசமாவதன் அடையாளம்.

தாகம், சிறுநீர், வலி, பயம் என்று சின்னச் சின்ன விஷயங்களும் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் வரும். எல்லாவற்றையும்விடப் பெரியது, தூக்குவதா, தாங்கி நடத்துவதா, அங்கேயே இருந்துகொண்டு இரண்டு பேரை உதவிக்கு அனுப்புவதா என்ற முடிவு. சமாளிக்கக்கூடிய பாதையிலேயே ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தூக்க ஒரு முறைக்கு ஆறு பேர் வேண்டும். சில நூறு மீட்டரில் கை ஓய்ந்துவிடும், மாற்றுக்கு இன்னொரு ஆறு பேர் நிற்க வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குழுவால் மலைப்பாதையில் ஒருவரை வெகுதூரம் தூக்க முடியாது. இதை மலையில் வைத்து யோசிப்பதைவிடக் கிளம்பும்போதே தெரிந்துவைத்திருப்பது நல்லது. உதவிக்கு ஆள் அனுப்பினால் ஒருவராக அனுப்பாதீர்கள், வாய்மொழியாகவும் அனுப்பாதீர்கள். எங்கே இருக்கிறீர்கள், அடிபட்டவர் எப்படி இருக்கிறார், என்ன தேவை என்பது தாளில் எழுதிப் போக வேண்டும். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், அதையும் முயற்சி செய்யுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். அடிப்படைக் காட்டுவெளி முதலுதவி வகுப்பு 16 முதல் 20 மணி நேரம், அதாவது இரண்டு நாள். அதற்கு மேல் வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்று ஒன்று இருக்கிறது, 70, 80 மணி நேரம், எட்டிலிருந்து பத்து நாள். உங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு போதும். பல நாள் பயணங்களை நடத்துகிறீர்கள், அல்லது காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர்களைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் என் பதில் மாறும். அப்போது பெரிய வகுப்பை எடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

நடத்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து செய்வது எத்தனை மணி நேரம் என்பது. திரையில் படம் போட்டுக் காட்டுவதுதான் பாதி நேரமும் என்றால் போகாதீர்கள். வெளியில் நடக்கிறதா, இருட்டில் ஒரு ஒத்திகையாவது உண்டா, அடிபட்டவர்போல ஆள் படுக்கிறாரா, பொம்மையா? அவர் கத்துவாரா, ஒத்துழைக்க மறுப்பாரா? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மழையில், பயந்துபோய் அழுகிறவருக்கு ஒருமுறை கட்டுப் போட்டுப் பார்த்தவருக்கு அடுத்த முறை கை நடுக்கம் குறையும். நடுக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான். அதோடு, முதல் நிமிடத்துக்கென்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இடம் பத்திரமா என்று பார்ப்பது, பீறிடும் ரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, நாடியும் அதிர்ச்சி நிலையும் (ரத்த ஓட்டம் போதாமல் உடல் தளர்வது), உடல் சூடும் தலைக்காயமும். மூளை வேலை செய்யாதபோது இந்த வரிசை வேலை செய்யும்.

நல்ல ஆசிரியர் விதிகளோடு அவற்றின் விலக்குகளையும் கற்றுத்தருவார். மின்னல் தாக்கிப் பல பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்று வையுங்கள். பெரிய விபத்துகளில் மூச்சு நின்றவரைக் கடைசியில் பார்ப்பதுதான் வழக்கம். மின்னலில் அது தலைகீழ். முனகிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். செத்தவர்போல் கிடப்பவரின் இதயம் தானாகத் திரும்பத் துடிக்கத் தொடங்கலாம், மூச்சு திரும்ப இன்னும் நேரமாகும். இடையில் யாராவது மூச்சு கொடுத்தால்தான் அவர் பிழைப்பார். ஆகவே முதலில் அவரிடம் ஓட வேண்டும். வெப்பத்தாக்குதலிலும் அப்படித்தான். உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்து, ஆள் உளற ஆரம்பித்துவிட்டால் வண்டியைத் தேடி ஓடக் கூடாது. அங்கேயே தண்ணீரில் அமிழ்த்தியோ ஊற்றி ஊற்றி விசிறியோ குளிரவைத்துவிட்டு அப்புறம் கிளம்ப வேண்டும். நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது மூச்சு, மார்பு அழுத்தம் அதற்குப் பிறகு.

மார்பு அழுத்தத்தைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று கற்றிருப்பீர்கள். உதவி வந்துசேராத இடத்தில் எவ்வளவு நேரம் செய்வது? அரை மணி நேரம் விடாமல் செய்தும் உயிரின் அடையாளம் எதுவும் திரும்பவில்லை என்றால் நிறுத்தலாம் என்றுதான் காட்டுவெளிப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். உடல் குளிர்ந்துபோனவர் இதற்கு விலக்கு. நிறுத்தச் சொல்லித் தரும் வகுப்பு உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். முன்கூட்டியே யாரும் சொல்லாமல், அந்த முடிவைத் தனியாக எடுத்துவிட்டு வருடக்கணக்காக அதைச் சுமந்து திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் இரண்டு மூன்று வருடம் செல்லும் என்று போட்டிருப்பார்கள். கை அவ்வளவு நாள் தாங்காது, மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மறக்க ஆரம்பித்துவிடும். மாதம் ஒருமுறை நடக்கப் போகிறவர் நீங்கள். ஓய்வுக்கு உட்காரும்போது பத்து நிமிடம் ஒருவரைப் படுக்கவைத்துப் பழகுங்கள்.

தோட்டத்து வீட்டுக்கு வருவோம். அது வேறு ஆபத்துகளின் இடம். எல்லோரும் பாம்பைப் பற்றித்தான் கேட்பார்கள், பெற்றோருக்கு வயதாகிவிட்டதென்றால் நான் முதலில் கவலைப்படுவது நெஞ்சுவலியைப் பற்றியும் பக்கவாதத்தைப் பற்றியும். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் நடக்க விடாமல் உட்காரவைத்து, 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைப் பல்லால் மென்று விழுங்கச் சொல்வது உண்டு. ஒவ்வாமையோ வயிற்றில் ரத்தக்கசிவோ இருப்பவர்களுக்கு ஆகாது. உங்கள் பெற்றோருக்கு ஆகுமா என்று அவர்களுடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முகம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறல் என்றால் ஆஸ்பிரின் கூடாது. அங்கே கணக்கு நேரத்தில் இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அறிகுறியைக் கண்ட நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். ஒன்றரை மணி நேரம் பயணத்திலேயே போய்விடும் வீட்டில், "விடியட்டும், பார்ப்போம்" என்பதற்கு இடமில்லை. எந்த மருத்துவமனையில் அந்த ஊசி இருக்கிறது, எங்கே பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று இன்றே போன் செய்து கேளுங்கள். பக்கத்து மருத்துவமனைக்கு ஓடி, அங்கே இல்லை என்று மறுபடி ஓடுவதில்தான் உயிர் போகிறது.

பாம்புக்கடிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2017இல்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இடம் கொடுத்தது. வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை சாகிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. அறுப்பது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் கெடுதல். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் வையுங்கள், அவரை நடக்கவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1979 முதல் சொல்லித்தரப்படும் அழுத்திச் சுற்றும் கட்டு முறை ஒன்று உண்டு. நரம்பைத் தாக்கும் விஷமுள்ள சில பாம்புகளுக்கு அது நல்லது, கடித்த இடத்தைப் புண்ணாக்கும் விஷத்துக்கு அதுவே கெடுதலாகலாம். எனவே அந்தந்தப் பகுதியின் பாம்புகளைத் தெரிந்த ஆசிரியரிடம்தான் இதைக் கற்க வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. அந்த முயற்சியில் இரண்டாவது ஆள் கடிபடுவார்.

இரண்டாவது ஆள் என்றதும் கிணறும் குழியும் ஞாபகத்துக்கு வருகின்றன. பாழுங்கிணறு, எருக்குழி, தொட்டி என்று உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் பதறி இறங்குவார். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1986இலேயே எச்சரித்தது: இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் காப்பாற்ற இறங்கியவர்கள். வீட்டில் எல்லோருக்கும் இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லி வையுங்கள். இறங்கக் கூடாது, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பூச்சிமருந்து மேலே கொட்டினால் உடுப்பைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது.

பொருள்களைப் பற்றிக் கடைசியில் சொல்வது வேண்டுமென்றேதான். நிறையப் பேர் பெட்டியை வாங்கிவிட்டுப் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பளபளப் பெட்டிகளில் பாதி, சிராய்ப்புக்கு ஒட்டும் பிளாஸ்திரி. உங்கள் பையில் இருக்க வேண்டியது கையுறை, நிறையப் பஞ்சுத்துணி, அகலமான கிரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணக் கட்டுத்துணி இரண்டு, ஒட்டுநாடா, துணி வெட்டும் கத்தரி, வளைக்கக்கூடிய சிம்பு, ஓஆர்எஸ், அடியில் விரிக்கத் தார்ப்பாய், தலையில் மாட்டும் விளக்கு, விசில், பென்சில், தாள். விசில் பலவீனமான கத்தலைவிட வெகுதூரம் போகும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊதுவது மலைகளில் புரிந்துகொள்ளப்படும் அபாயக்குறி. குழுவில் யாருக்காவது தேனீக் கடியோ வேறு ஏதாவதோ கடும் ஒவ்வாமை தந்து, அட்ரினலின் ஊசிப்பேனா வைத்திருந்தால், அது அவருடைய பையில் எந்த அறையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தை நிறுத்தக் கையையோ காலையோ இறுக்கும் பட்டை, அதாவது முறையாகச் செய்த டோர்னிக்கெட் ஒன்றும் வாங்குங்கள், ஆனால் பயிற்சிக்குப் பிறகு. அழுத்தியும் நிற்காமல் பீறிடும் கை, கால் ரத்தத்துக்கு மட்டும்தான் அது. காயத்துக்கு ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, போட்ட நேரத்தை எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் வரை பொதுவாகப் பயமில்லை. மெல்லிய கயிறு அந்த வேலையைச் செய்யாது, தோலை அறுக்கத்தான் செய்யும்.

உங்கள் நண்பர் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாரென்றால் பயிற்சிக்கு அவரையும் கூட்டிப்போங்கள். ஒத்திகையில் அடிபட்டவராக அவரையே படுக்கச் சொல்லுங்கள். எப்போது குளிர்ந்தது, கட்டு எப்போது இறுகியது, நீங்கள் என்ன பேசியபோது தைரியம் வந்தது, எதைச் சொன்னபோது பயம் அதிகமானது என்றெல்லாம் சொல்ல அவரைவிடத் தகுந்த ஆள் கிடைக்க மாட்டார்.